மேல்விலங்கு

ஏர்ல் என்று தமிழில் எழுதினால்
முதலில் கண்ணில் படுவது ஏர்.
தோர்ன்பெக்கின் ஏழாம் ஏர்ல்
எண்பத்திரண்டு வயதுவரை அதைத் தொட்டதில்லை.
குதிரை, நாய், துப்பாக்கி, பல்வலி,
பிரபுக்கள் சபையில் மதியத் தூக்கம்.
உழுதவள் மகள்.

ஆகஸ்டா. வயது ஐம்பத்தொன்று.
சிவப்பு டிராக்டர், கிழிந்த மழைக்கோட்டு,
இடக்கையில் ஒன்றரை விரல் குறைவு,
அறுவடை எந்திரம், பழைய கதை.
யார்க்‌ஷயரின் ஈரக் களிமண்ணில்
அவள் போடும் சால்
நூல் பிடித்தாற்போல் இருக்கும்.

நான் அந்தப் பண்ணையில் கணக்கெழுதுகிறவன்.
கடித உறைகளில் பெயரெழுதுவதும் என் பாடு.
பிடிபட எனக்கு ஆறு மாதம் ஆயிற்று.
எழுத்தில் ஏர்ல், வாய்ப்பேச்சில் லார்ட்.
முகத்துக்கு நேரே ஏர்ல் என்று கூப்பிட்டால்
சமையற்காரர்கூட இருமுவார்.
மனைவிக்கு அந்தச் சொல் கிடையாது, அவள் கவுன்டஸ்.
கடல் தாண்டி வந்து நாட்டைப் பிடித்தவர்கள்
ஆணுக்கு ஊர்ச்சொல்லை விட்டுவைத்து
பெண்ணுக்குத் தங்கள் சொல்லைச் சூட்டினார்களாம்.
ஒரே கட்டில், இரண்டு பாஷை.
மகளுக்கு லேடி.
லேடி ஆகஸ்டா என்று சொந்தப் பெயருக்கு முன்னால்.
மரியாதைக்குக் கொடுத்தது.
பந்தியில் உட்காரலாம், பத்திரத்தில் ஏறாது.

கிழவர் மார்ச்சில் இறந்தார்.
மகன் இல்லை.
பட்டம்
பக்கத்தில் நின்றவளைத் தாண்டிப் போய்
ஆண்கிளை தேடித் தேடி
ஹல் நகரத்தில் இறங்கியது.
லெஸ்லி வைபர்ட், லிப்ட் மெக்கானிக்.
வக்கீல் போன் செய்தபோது
ஏதோ ஒரு கடையின்
இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவே
தொங்கிக்கொண்டிருந்தாராம்.

வீடு பட்டத்தோடு போனது,
ஒழுகும் கூரையும் சேர்த்து. நிலமும்.
லெஸ்லியின் மனைவி மோரீன்
காரைவிட்டு இறங்கியதும் கேட்டாள்:
"கவுன்டஸ் என்றால் நான் என்ன செய்ய வேண்டும்?"
"ஒன்றும் வேண்டாம்.
அம்மா அதைத்தான் செய்தாள்" என்றாள் ஆகஸ்டா.
சிரித்தது மோரீன் மட்டும்.

ஏரில் இருப்பவள் ஏர்ல் ஆக முடியாது.
ரகரத்தின் தலையில்
புள்ளி வைத்தால் லெஸ்லி.
விலங்கு போட்டால் ஆகஸ்டா.
இதை அவர்களுக்கு எந்தப் பாஷையில் சொல்ல?
கணக்குப் புத்தகத்தின் ஓரத்தில்
எழுதிவைத்துக்கொண்டேன்.

லெஸ்லி நல்ல மனிதர்.
நிலத்தை அவளுக்கே எழுதிவைக்கப் பார்த்தார்.
பழைய பத்திரம் விடவில்லை.
குத்தகைக்கு விடலாம் என்றார் வக்கீல்,
ஆனால் சட்டத்துக்காக
ஏதாவது ஒன்று கைமாற வேண்டும்.
எவ்வளவு?
வருடத்துக்கு ஒரு மிளகு.
அந்தக் காலத்து வழக்கம், இன்றும் செல்லும்.
மிளகு!
என் முப்பாட்டன் சொத்தைப் பற்றிப் பேசுவதுபோல்
நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

செப்டம்பர் கடைசி, குத்தகை நாள்.
சேற்றுப் பூட்சோடு வந்தாள்.
தீப்பெட்டியைத் திறந்து
ஒற்றை மிளகை மேசைமேல் வைத்தாள்.
ரசீது தயார். லெஸ்லி கையெழுத்திட வேண்டும்.
தன் பெயரும் கூடாது, அப்பன் பெயரும் கூடாது,
ஏர்ல் என்றால் ஊர்ப்பெயர் மட்டும்:
தோர்ன்பெக்.
முதல் தடவை. 'பெக்'கில் பேனா தடுமாறி
முழங்கை இடித்து
மிளகு உருண்டு விழுந்தது.

ஓக் பலகைத் தரை.
நானூறு வருடத்து இடுக்குகள்.
எட்டாம் ஏர்ல் முட்டிபோட்டுத் தேடினார்.
கவுன்டஸ் டார்ச் பிடித்தாள்.
"கிடைக்காவிட்டால்?" என்றார் தரையிலிருந்து.
"பாக்கி என்று எழுதுவேன்" என்றேன்.

ஆகஸ்டா நாற்காலியில் சாய்ந்து
பூட்சிலிருந்து களிமண்ணைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.
"அலமாரிக்கு அடியில் பாருங்கள்,
மை லார்ட்."